மிரண்ட பூனையைத் தேற்றி நல்ல வீட்டில் சேர்ப்பது எப்படி: வேலூர்ப் பகுதியினருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர்த் தெருக்களிலிருந்து மீட்கப்படும் பூனைகள் எல்லாம் ஒரே பின்னணி கொண்டவை அல்ல. காட்பாடிப் பக்கம் வாடகை அறையில் செல்லமாக வளர்க்கப்பட்டு, படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில் மாடிப்படியில் விட்டுச் செல்லப்பட்டவை உண்டு. மீன் மார்க்கெட்டை ஒட்டிப் பிறந்து மனிதக் கையையே அறியாமல் வளர்ந்தவை உண்டு. வண்டியில் அடிபட்டவை, நாயிடம் சிக்கித் தப்பியவை, திருட்டுத்தனமாகப் பால் குடித்தது என்பதற்காகச் சுடுதண்ணீர் ஊற்றப்பட்டவை, சாக்கில் கட்டிப் பாலாற்றங்கரையில் வீசப்பட்டவை ஆகியவையும் உண்டு. இப்படி வரும் ஒரு பூனையைச் சில வாரங்களோ சில மாதங்களோ வீட்டில் வைத்துத் தேற்றி, நிலையான வேறொரு வீட்டில் சேர்க்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் கைவிட்டவரைத் தேடிப் பிடிப்பதைவிடக் கையில் இருக்கும் பூனையைக் கவனிப்பதே முதல் வேலை.

எந்தப் பூனை வீட்டுக்கு ஏற்றது

பூனைக்குட்டி மனிதரை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகுவது, ஏறத்தாழ பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான காலத்தில்தான். அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த ஒரு கடுவனை (ஆண் பூனையை) நான்கு வயதில் பிடித்து வந்து அறைக்குள் அடைத்தால், அது ஆண்டுக்கணக்கில் மனிதரைக் கண்டு நடுங்கியபடியே வாழக்கூடும். அத்தகைய பூனைக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, காயம் ஆறியதும் அது வாழ்ந்த இடத்திலேயே விட்டு, வேளை தவறாமல் உணவு வைக்க ஒருவரை ஏற்பாடு செய்வதே அதற்குச் செய்யும் உதவி என்பது என் கருத்து. அன்பின் பெயரால் எல்லாப் பூனைகளையும் வீட்டுப் பூனையாக்க முயல்வதை நான் ஏற்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு யாருடைய மடியிலோ தூங்கிய பூனையும், அடிபட்டு மிரண்டிருக்கும் முதல் நாள்களில், காட்டுப் பூனையைப் போலவே சீறும், அறையும், சுவரேறும். ஆகவே பிடித்த அன்றே முடிவு செய்யலாகாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் வைக்கும் ஓசைக்குக் குரல் கொடுப்பது, நாம் அறையில் இருக்கும்போதே உண்ணத் தொடங்குவது, கன்னத்தைக் கதவு மூலையில் உரசுவது, வாலை நிமிர்த்தியபடி இரண்டடி முன்னே வருவது ஆகியவை, மனிதரோடு வாழ்ந்த நினைவு அதற்குள் இருக்கிறது என்பதற்கான அறிகுறிகள்.

பூனை வருவதற்கு முன்

வீட்டில் உள்ள அனைவரின் சம்மதமும் முதலில் வேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நடுவில் தெரியவந்து ‘நாளைக்கே வெளியேற்றுங்கள்’ என்று அவர் சொன்னால், பாதி தேறிய பூனை மீண்டும் பழைய நிலைக்குப் போய்விடும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, மலத்தோடு வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாள் கழித்தே பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகிறது என்பதால், தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தாலே ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். கருவுற்றிருக்கிறாள் என்பதற்காகப் பூனையையே தெருவில் விட வேண்டியதில்லை என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல இது உதவும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். இங்கே நான் சொல்வது பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்ப்பதை அல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மிரண்ட பூனையை வீட்டுக்குள் கொண்டுவருவது வேண்டாம். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை ஊர்வலங்கள் பம்பையும் மேளமுமாகப் பாலாற்றை நோக்கிச் செல்லும் பாதையில் உங்கள் வீடு இருந்தால், அந்த வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். குடியாத்தத்தில் இருப்பவர்கள் வைகாசி முதல் நாளில் நடைபெறும் கெங்கையம்மன் சிரசு திருவிழாவின் வாணவேடிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும். அவசரமாக மீட்க நேர்ந்தால் தேதி நம் கையில் இராது. அப்போது தெருவை விட்டுத் தள்ளி, வீட்டின் உள்பக்கம் அமைந்த அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

அறையை ஒழுங்கு செய்தல்

பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடுவது பெருந்தன்மையாகத் தோன்றலாம். மிரண்ட பூனைக்கோ அது கொடுமை. எங்கிருந்து எது வரும் என்று அதனால் கணிக்க இயலாத அளவுக்கு இடம் விரிந்துவிடுகிறது. கதவு மூடக்கூடிய ஒரு சிறிய அறை போதும். பீரோவுக்குப் பின்னால், பரணுக்கு மேல், கட்டிலின் அடியில் சாமான் அடுக்கிய இருட்டு மூலை என, நாம் கை நீட்டினாலும் எட்டாத இடங்களை முன்னதாகவே அட்டையோ பலகையோ வைத்து அடைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, ஜன்னல் கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலையை ஒரு பூனை ஒரே இரவில் கிழித்துவிடும். இரும்பு வலை அடிப்பதே பாதுகாப்பு.

ஒளிந்துகொள்ளும் இடங்களை எல்லாம் அடைத்துவிட்டு வெறும் அறையில் விடச் சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நமக்கு எட்டாத பதுங்கிடத்தை அடைத்த கையோடு, நமக்கு எட்டும் பதுங்கிடத்தைக் கொடுத்துவிட வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பூனை நுழையுமளவு ஒரு வாயிலும், அதற்கு எதிர்ப்புறம் தப்பிச் செல்ல இன்னொரு வாயிலும் வெட்டி, உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டால் அதுவே போதும். நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுக்கப்பட்ட பூனைகள், கொடுக்கப்படாதவற்றைவிட விரைவில் புதிய இடத்துக்குப் பழகின. பதுங்கியிருப்பதைக் கண்டு நாம் சோர்ந்துபோகிறோம்; பூனையோ பதுங்கியபடிதான் நம்மைக் கவனித்துக் கற்றுக்கொள்கிறது.

மலத்தட்டை உணவுப் பாத்திரத்துக்கு எதிர் மூலையில் வையுங்கள். தெருவில் வாழ்ந்த பூனைக்குக் கடையில் விற்கும் ‘லிட்டர்’ என்னும் மலத்தட்டுத் துகள் பிடிபடாமல் போகலாம். தொடக்கத்தில் சலித்த மணலைக் கொடுத்து, அதில் சிறிது சிறிதாக லிட்டரைக் கலந்து மாற்றலாம். தண்ணீரை உணவிலிருந்து தள்ளி, அகலமான மண் சட்டியில் வைத்தால் விரும்பிக் குடிக்கும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாதலால், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை எந்த நிலையிலும் உதவாது. பூனை வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்கினால், அது இயல்பு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் உடலை நனைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலை அது.

நம் வீடுகளில் பலர் அறியாத ஓர் ஆபத்து பினாயில். தரையில் ஊற்றித் துடைத்த பினாயிலைப் பூனை காலால் மிதித்து, பிறகு அந்தக் காலை நக்கும். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க இயலாது. பூனை இருக்கும் அறையைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுவதே போதுமானது. துணி அலமாரியில் போடும் அந்துருண்டை, நாய்களுக்கான உண்ணிப் பவுடர்களில் கலக்கப்படும் பெர்மெத்ரின், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஆகியவையும் பூனைக்கு நஞ்சு. பாராசிட்டமால் பாதி மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

முதல் வாரம்

கூண்டை அறையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கூண்டு இல்லாதவர்கள், மண்டியில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, ஓரங்களைக் கேபிள் டையால் இறுக்கிப் பயன்படுத்துவதை இங்கே பார்க்கலாம். சாக்குப் பையைவிட அது ஆயிரம் மடங்கு மேல். முதல் நாள் பூனையைத் தொடவோ, படம் பிடிக்கவோ, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவோ வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு உண்டது, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா, மலம் எப்படி இருந்தது, எந்த ஓசைக்கு ஓடியது, எங்கே தூங்கியது என்பனவற்றை நாள்தோறும் காலையும் மாலையும் குறித்து வர வேண்டும். இரண்டு குறிப்புகள் உயிர் காப்பவை. முதலாவது, உணவு. ஓரிரு நாளுக்கு மேல் எதையும் உண்ணாத பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் குவிக்கத் தொடங்கும். குண்டான பூனைக்கு இது இன்னும் விரைவில் நேரும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போட்டுப் பணியவைக்கும் பழைய முறை பூனையிடம் செல்லாது. இரண்டாவது, சிறுநீர். அச்சமும் மன அழுத்தமும் பூனையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். கடுவன் பூனை மலத்தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும்.

உணவைப் பொறுத்தவரை, பூனை முழு ஊனுண்ணி. சைவக் குடும்பத்தினர் தயிர்சாதத்தில் பூனை வளர்த்த கதைகளைச் சொல்வார்கள். அந்தப் பூனைகள் மீதிப் பசியை எலியிலும் பல்லியிலும் தீர்த்துக்கொண்டன என்பதுதான் உண்மை. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் பூனைக்குப் பார்வை கெடும், இதயம் வீங்கும். அறைக்குள் அடைபட்ட பூனைக்குப் பூனைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியையோ முள் நீக்கிய மத்தி மீனையோ ஆசை காட்டக் கலந்து கொடுக்கலாம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கருவாட்டின் மணத்துக்கு எந்தப் பூனையும் மயங்கும், ஆனால் அதிலுள்ள உப்பு அதற்கு ஆகாது.

பயத்தைக் கரைப்பது

இந்த வேலையின் சாரம் ஒன்றுதான்: அடுத்து என்ன நடக்கும் என்று பூனையால் முன்கூட்டி அறிய முடிய வேண்டும். ஒரே நேரத்தில் உணவு, ஒரே ஆள், ஒரே குரல், ஒரே இடத்தில் உட்காருதல். பாசத்தைக் கொட்டுவதைவிட இந்த ஒழுங்கு பல மடங்கு பலன் தரும். காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் உணவு வைத்துவிட்டு, கதவருகே தரையில் பக்கவாட்டாகத் திரும்பி அமர்ந்து, செய்தித்தாளை மெல்லிய குரலில் வாசியுங்கள். நேராக உற்றுப் பார்ப்பது பூனை உலகில் சண்டைக்கு அழைப்பது. கண்ணைப் பாதி மூடி மெல்லத் திறப்பதை நட்பின் அடையாளமாக அது எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகளும் பதிலுக்குக் கண்ணை இடுக்கின, அவர்களை நோக்கி நெருங்கவும் செய்தன.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் நான் வைத்திருந்த மூன்று நிறப் பெட்டைப் பூனைக்கு இடது காதின் ஓரம் வெந்து சுருங்கியிருந்தது. ஆள் நடமாட்டத்தையும் ஆட்டோச் சத்தத்தையும் அது ஓரளவு தாங்கியது. பக்கத்துச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் மட்டும் உடல் முழுவதும் ரோமம் சிலிர்க்க, பெட்டியைச் சாய்த்துக்கொண்டு ஜன்னல் திரையின் உச்சிக்கு ஏறிவிடும். சுடுதண்ணீரும் ஆவிச் சத்தமும் அதன் நினைவில் ஒன்றாகப் பதிந்திருந்தன போலும். குக்கரை நிறுத்த முடியாது. ஆகவே விசில் வரும் நேரத்துக்குச் சற்று முன்னதாகக் கதவிடுக்கில் துணி அடைத்து ஓசையைக் குறைத்து, அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் வேகவைத்த கல்லீரல் துண்டு ஒன்றை வைத்து வந்தேன். துணியை நாளுக்கு நாள் சிறிதாக மடித்துக்கொண்டே வந்ததில், பின்னாளில் விசில் கேட்டால் அது ஏறுவதை விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கத் தொடங்கியது. அச்சமூட்டும் பொருளை அஞ்சாத அளவுக்குச் சிறிதாக்கி, அதோடு அதற்குப் பிடித்தமான ஒன்றைச் சேர்ப்பது என்னும் இந்த முறையைத் துடைப்பம், ஆண் குரல், குழந்தை அழுகை என எதற்கும் பயன்படுத்தலாம்.

தொடுவதைப் பூனையே தொடங்கட்டும். ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் நீட்டி அசையாமல் வைத்திருங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தை உரசினால் கன்னத்திலும் தாடையின் அடியிலும் மட்டும் இரண்டு மூன்று முறை தடவி நிறுத்திவிட வேண்டும். முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். வயிறு, வால், பின்னங்கால் பக்கம் கை போகவே கூடாது. காது பின்னால் படிவது, கண்மணி அகன்று கருப்பாக விரிவது, முதுகுத் தோல் அதிர்வது, வால் நுனி சுளீரென அடிப்பது ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். உறுமினால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். உறுமலை அடக்கிய பூனை, அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர்களின் ஆலோசனையும் வந்துசேரும். “இன்னாம்மா இது, எப்பப் பாரு பொட்டிலயே கெடக்குது. காதைப் புடிச்சி வெளிய இழுத்துவுட்டா தானா பழகிக்காதா?” என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்பார். “இழுத்தா நம்மள நம்பாது ஆயா, அதுவா வரட்டும்” என்று சொல்லி, அவர் கையாலேயே ஒரு வேளை உணவை வைக்கச் செய்வது நல்ல வழி. பூனை வருவதைத் தாமே காத்திருந்து பார்த்தவர்கள் பிறகு இழுக்கச் சொல்வதில்லை.

முன்னேற்றம் நேர்கோட்டில் செல்லாது. மடிக்கு வந்த பூனை, ஒரு பட்டாசுச் சத்தத்துக்குப் பின் மீண்டும் பெட்டிக்குள் ஒரு வாரம் முடங்கலாம். அப்போது பழைய படிக்குத் திரும்பி, கதவருகே உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை தேறுவதற்குப் பெரும்பாலும் குறைந்த காலமே ஆகும்.

கடியும் கீறலும்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கீறல் படும். தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி விவரம் தெரியாத பூனை கடித்தாலோ கீறினாலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பக் கூடாது. வெறிநோய் நாயால் மட்டும் பரவுவது என்ற எண்ணம் தவறானது. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. மேலும், பூனையின் ஊசிப்பல் போட்ட துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மறுநாளே கை வீங்குவது சாதாரணம். பூனை வேலையில் இறங்குவோர் கடிபடுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவம்

வீட்டில் வேறு பூனை இருந்தால், புதியதை இரண்டு வாரமாவது தனி அறையில், தனிப் பாத்திரத்தோடு வைத்திருக்க வேண்டும். பேன்லூக்கோபீனியா என்னும் கொடிய வைரஸ் காய்ச்சல், தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். வாந்தி, பேதி, உணவு மறுத்தல், தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருத்தல் ஆகியன அதன் அறிகுறிகள். மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுவார்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் எடைக்கேற்ப மருத்துவர் தருவார்.

ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இயங்கி வருவதால், பூனைத் தடுப்பூசியும் அங்கே கிடைக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. அது ஆடு, மாடு, கோழிகளை மையமாகக் கொண்ட நிறுவனம். பூனைக்கான கூட்டுத் தடுப்பூசியைச் செல்லப்பிராணி மருத்துவரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அவரிடம் இருப்பு உள்ளதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள், மிரண்ட பூனையை வீணாக இரண்டு முறை கூண்டில் ஏற்ற நேராது. எலும்பு முறிவு போன்ற சிக்கலான நிலைகளுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை செல்ல வேண்டியிருக்கலாம். பயணத்துக்கு முன் தரக்கூடிய அச்சம் தணிக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் எழுதித் தந்த அளவில் மட்டும் தர வேண்டும்.

கருத்தடை பற்றி என் நிலைப்பாடு கண்டிப்பானது. பெட்டைப் பூனை நான்கு ஐந்து மாத வயதிலேயே சினைப்படக்கூடும். ஏறத்தாழ இரண்டே மாதத்தில் குட்டி போட்டுவிடும். ‘வாங்கிச் செல்பவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்ட பூனையின் குட்டிகளே அடுத்த ஆண்டு மீட்பு அழைப்புகளாக நம்மிடம் வருகின்றன. நன்கு உண்டு எடை ஏறியதும் அறுவையை முடித்துவிட்டே வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீடு தேடுதல்

தேறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மடியில் ஏற வேண்டும் என்பதில்லை. ஆள் முன்னிலையில் உண்பது, மலத்தட்டைத் தவறாமல் பயன்படுத்துவது, மிரண்டாலும் அரைமணி நேரத்தில் தானாக வெளியே வருவது, வீட்டில் ஒருவரையேனும் தொட அனுமதிப்பது ஆகியவை இருந்தால் வீடு தேடத் தொடங்கலாம்.

விளம்பரம் எழுதும்போது அந்த நோட்டுப் புத்தகம் கை கொடுக்கும். ‘மிகவும் சாது, எல்லோரிடமும் பழகும்’ என்று எழுதிவிட்டால் பத்துப் பேர் கேட்பார்கள், பத்தாம் நாள் திருப்பிக் கொண்டுவருவார்கள். ‘மூன்று வயதுப் பெட்டை, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தன, பெண்களிடம் எளிதில் வரும், ஆண்களிடம் ஒரு மாதம் ஆகலாம், குக்கர் சத்தத்துக்குப் பயம், தூக்கினால் பிடிக்காது, பக்கத்தில் உட்காரப் பிடிக்கும், சிறு குழந்தைகள் இல்லாத வீடு தேவை’ என்று எழுதினால் ஒருவர்தான் கேட்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் சரியான ஆளாக இருப்பார்.

கருப்புப் பூனைக்கு இடம் கிடைப்பது நம் ஊரில் கடினம். குறுக்கே போனால் சகுனத் தடை என்னும் எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அரைமனத்தோடு எடுத்துக்கொள்பவரிடம் கொடுப்பதைவிடக் காத்திருப்பது மேல். வீட்டில் முதல் காய்ச்சல் வந்ததும் பழி பூனையின் மேல் விழும். கஸ்பா, ஆர்.என்.பாளையம், ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பகுதிகளின் இஸ்லாமியக் குடும்பங்களில் பூனையைத் தூய பிராணியாகக் கருதி அன்போடு வளர்க்கும் மரபு இருப்பதால், நிறம் பார்க்காமல் ஏற்கும் வீடுகள் அங்கே கிடைப்பதுண்டு. இதற்கு நேர்மாறான சிக்கல் பெர்சியன் பூனைகளுடையது. அவற்றுக்கு நாற்பது அழைப்பு வந்தாலும், பாதிப் பேர் குட்டி போடவைத்து விற்கும் நோக்கத்தோடு கேட்பவர்கள். ‘கருத்தடை ஆகிவிட்டது’ என்று சொன்ன நொடியில் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

கேட்டு வருபவரிடம் விசாரணை நடத்துவதுபோல் இல்லாமல் பேச்சுவாக்கில் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முன்பு பூனை வளர்த்தார்களா, அது என்னவாயிற்று? சொந்த வீடா, வாடகையா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ‘போன பூனை ஓடிப்போச்சு, அதுக்கு முன்னாடி இருந்ததும் ஓடிப்போச்சு’ என்று சொல்லும் வீட்டில் ஜன்னலையும் மாடிக் கதவையும் நேரில் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைக்குத் திடீரென்று கொடுக்கக் கேட்பவர்களுக்குப் பணிவாக மறுத்துவிடலாம். மறுப்பதற்குக் கூச்சப்பட்டுப் பூனையைக் கொடுத்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது.

ஒப்படைத்தல்

முதலில் அவர்கள் உங்கள் வீட்டுக்கு இரண்டு முறையாவது வந்து, பூனையின் அறையில் சும்மா அமர்ந்திருக்கட்டும். பிறகு அவர்கள் வீட்டில் நீங்கள் தொடக்கத்தில் செய்தது போலவே ஒரு சிறிய அறையை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பூனையோடு அதன் பெட்டி, துவைக்காத புடவைத் துணி, ஒரு வாரத்துக்கான அதே தீவனம், பயன்படுத்திய லிட்டரில் ஒரு கைப்பிடி, தடுப்பூசி அட்டை, நோட்டின் நகல் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். புதிய இடத்தில் பழகிய வாசனை அதற்குப் பெரும் ஆறுதல். வெயில் ஏறுமுன் காலையில் கொண்டுசெல்வதும், பைக்கில் மடியில் வைத்துச் செல்லாமல் கூண்டைத் துணியால் மூடி ஆட்டோவிலோ காரிலோ செல்வதும் அவசியம்.

புதிய வீட்டில் முதல் சில நாள் அது மீண்டும் பதுங்கும், சீறும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் கலங்க மாட்டார்கள். ஒரு மாதத்துக்குக் கதவும் ஜன்னலும் அடைத்தே இருக்கட்டும். பழைய இடத்தைத் தேடித் தப்பியோடும் பூனைகள் பெரும்பாலும் முதல் சில வாரத்தில்தான் ஓடுகின்றன. ஓடிவிட்டால், இரவு பதினோரு மணிக்கு மேல் தெரு அடங்கியபின் அக்கம்பக்கத்து மாடிப்படியின் அடியிலும் நிறுத்திய வண்டிகளின் கீழும் டார்ச் அடித்துத் தேடுங்கள். மிரண்ட பூனை தூரம் போவதைவிட அருகிலேயே ஒடுங்கிக் கிடப்பதே மிகுதி.

எக்காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் பூனையை உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு எவருக்கும் கைமாற்றவோ தெருவில் விடவோ கூடாது என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று தொலைபேசியில் கேளுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்குங்க” என்றே பதில் வரும். “நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு? காலைல என்ன தின்னுச்சு?” என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

அறை காலியானதும், அடுத்த பூனையை ஏற்பதற்கு முன், துணிகளை வெந்நீரில் துவைத்து, அட்டைப் பெட்டிகளை எறிந்துவிட்டு, தரையையும் பாத்திரங்களையும் முதலில் சோப்பால் நன்கு கழுவி, அதன்பின் 5 சதவீதத் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். சிறுநீர்க் கறையைக் கழுவாமல் அதன்மேல் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். அந்த அறையில் பேன்லூக்கோபீனியா கண்ட பூனை இருந்திருந்தால், அந்த வைரஸ் ஓராண்டு வரை பொருள்களில் தங்கக்கூடியது என்பதால், எவ்வளவு கழுவியிருந்தாலும் தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டியை அங்கே ஓராண்டுக்கு ஏற்றாதீர்கள். தடுப்பூசி முடிந்த வளர்ந்த பூனைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.